மருந்தும் அளவும்

நோயைத் தீர்ப்பதையும் மருந்து என்கிறோம். பாறையைப் பிளப்பதையும் மருந்து என்கிறோம். துப்பாக்கி என்னும் சொல் துருக்கிய மூலத்திலிருந்தும், பீரங்கி என்னும் சொல் ஐரோப்பியரைக் குறித்த ‘ஃபிரங்கி’ என்பதிலிருந்தும் நம் மொழிக்கு வந்தவை என்பர். கருவிகளின் பெயர்களைக் கடனாகப் பெற்ற தமிழர், அக்கருவிகளுக்கு உயிரான கரும்பொடிக்கு மட்டும் தம் சொல்லையே சூட்டினர்: வெடிமருந்து. எண்ணிச் சூட்டினரோ எண்ணாது சூட்டினரோ, அப்பெயரில் ஓர் உண்மை பொதிந்திருக்கிறது. மருந்து எதுவாயினும் அதன் குணம் அளவில் இருக்கிறது. குறைந்தால் பயனில்லை, மிகுந்தால் உயிருக்குக் கேடு.

குண்டு மேலும் விரைந்து செல்லவேண்டும். ஆனால் குழல் வெடித்துவிடக் கூடாது. இவ்விரு விருப்பங்களுக்கும் இடையே நடந்த போராட்டத்தின் வரலாறு இருநூற்றெண்பது ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் துப்பாக்கி பொதுமக்கள் கையில் புழங்கும் பொருளன்று. புழங்கவேண்டும் என்பது இக்கட்டுரையின் நோக்கமும் அன்று. கண்ணால் காண இயலாத ஒன்றை மனிதன் எவ்வாறு அளக்கக் கற்றான் என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. அதனால் மாணவர் அறியத்தக்கது. இதன் முதல் நாயகர் தம் இறுதி நாள்களைக் கழித்த இடம் தமிழகக் கடற்கரை என்பது நாம் பெரும்பாலும் அறியாத செய்தி.

ஊசல் சொன்ன கணக்கு

பெஞ்சமின் ராபின்ஸ் 1707ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பாத் நகரில், போரை வெறுக்கும் குவேக்கர் சமயத்தைச் சார்ந்த குடும்பத்தில் பிறந்தார். கணிதமே அவர் கற்ற கலை. இருபது வயதிலேயே இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினரானார். 1742இல் ‘பீரங்கிக் கலையின் புதிய தத்துவங்கள்’ என்னும் பொருள்படும் நூலை வெளியிட்டார். அந்நூலுக்கு முன் குண்டின் வேகம் என்பது ஊகமாகவே இருந்தது. கண்ணிமைக்கும் நேரத்தில் பறந்து மறையும் ஒன்றை எந்தக் கடிகாரம் கொண்டு அளப்பது?

ராபின்ஸ் கடிகாரத்தையே நாடவில்லை. கனமான ஒரு மரப்பலகையை ஊசல்போலத் தொங்கவிட்டார். பாய்ந்து வந்த குண்டு பலகையில் பதிந்து நின்றது. பலகை பின்னோக்கி அசைந்தது. அசைந்த தூரத்தை அதனோடு இணைத்த ஒரு நாடா காட்டியது. குண்டின் எடை தெரியும். ஊசலின் எடை தெரியும். ஊசல் அசைந்த அளவும் தெரியும். மோதலுக்கு முன்னிருந்த உந்தமும் பின்னிருந்த உந்தமும் ஒன்றே என்னும் விதியைக் கொண்டு, குண்டின் வேகத்தை அவர் கணக்கிட்டார். துப்பாக்கிக் குண்டு நொடிக்கு ஏறத்தாழ 1,700 அடி விரைவில் செல்வது அவ்வாறு புலப்பட்டது. பெரிய விரைவை மெதுவான அசைவாக மாற்றி அளந்த அறிவுத்திறம் அது. 1746இல் அரச கழகத்தின் காப்லி பதக்கம் அவரை அடைந்தது. அதற்கு முந்தைய ஆண்டிலேயே மாபெரும் கணிதமேதையான ஆய்லர் அந்நூலை ஜெர்மன் மொழியில் பெயர்த்து, விரிவான விளக்கமும் எழுதியிருந்தார்.

வேகத்தோடு ராபின்ஸ் நிற்கவில்லை. வெடிமருந்து எரியும்போது தோன்றும் வாயு, குழலுக்குள் எத்துணை அழுத்தம் தரும் என்றும் கணக்கிட்டார். வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு என்பது அவர் கண்ட விடை. அக்கணக்கில் அவர் ஓர் எளிய கருதுகோளை மேற்கொண்டார்: குண்டு நகரத் தொடங்குவதற்கு முன்பே மருந்து முழுவதும் எரிந்து வாயுவாகிவிடுகிறது என்பது அது. இது முற்றும் சரியன்று. மருந்து எரிவதற்கும் காலம் வேண்டும். ராபின்ஸ் விட்டுச் சென்ற இச்சிறு பிழையில்தான் பின்வந்த ஆய்வுகள் அனைத்தும் வேர் கொண்டன.

1749இல் கிழக்கிந்தியக் கம்பெனி அவரைத் தலைமைப் பொறியாளராக நியமித்தது. சென்னைக் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர் 1746இல் கைப்பற்றி, உடன்படிக்கையின்படி மூன்றாண்டுகளுக்குப் பின் திருப்பித் தந்திருந்த காலம் அது. சோழமண்டலக் கரையின் கோட்டைகளைச் சீரமைப்பதற்காகவே அவர் அனுப்பப்பட்டார். 1750ஆம் ஆண்டின் நடுவில் கடலூரை அடுத்த புனித டேவிட் கோட்டைக்கு வந்து சேர்ந்தார். கோட்டைகளுக்கு வரைபடங்கள் வகுத்துக்கொண்டிருந்தபோதே காய்ச்சல் அவரைப் பற்றியது. 1751 சூலை 29ஆம் நாள் அங்கேயே மறைந்தார். குண்டின் வேகத்தை முதன்முதல் உறுதியாக அளந்தவர் தம் கடைசி மூச்சை விட்டது தமிழ் மண்ணில். அவர் அறிவால் வலுப்பெறவிருந்த கோட்டைகள் அம்மண்ணின் மக்களை ஆளப் பயன்படவிருந்தவை என்பதையும் நாம் மறந்துவிடலாகாது.

கப்பலில் வெடித்த குழல்

ராபின்சுக்குப் பின் ஒரு நூற்றாண்டுக் காலம் பீரங்கிகள் பெருத்துக்கொண்டே வந்தன. பெரிய குண்டு, மிகுந்த மருந்து, தடித்த குழல் என்பதே வழியாயிற்று. ஆனால் உள்ளே எழும் அழுத்தம் எவ்வளவு, இரும்பு தாங்குவது எவ்வளவு என்பதை உறுதியாக அறிந்தார் இலர்.

1844 பிப்ரவரி 28ஆம் நாள், அமெரிக்கப் போர்க்கப்பலான ‘பிரின்ஸ்டன்’ விருந்தினரை ஏற்றிக்கொண்டு பொட்டோமாக் ஆற்றில் உலா வந்தது. குடியரசுத் தலைவர் டைலரும் அதில் இருந்தார். ‘அமைதி ஆக்குவோன்’ என்று பெயர் சூட்டப்பெற்ற பன்னிரண்டு அங்குலப் பீரங்கியைச் சுட்டுக் காட்டி விருந்தினரை மகிழ்வித்தனர். இறுதியாகச் சுட்டபோது அதன் பின்பகுதி பிளந்தது. வெளியுறவு அமைச்சர், கடற்படை அமைச்சர் உள்ளிட்ட அறுவர் மாண்டனர். அவர்களுள் ஒருவர் தலைவரின் பணியாளராக இருந்த அடிமை. தலைவர் கீழ்த்தளத்தில் இருந்தமையால் உயிர் தப்பினார்.

இந்நிகழ்ச்சி அமெரிக்கப் படை அதிகாரி தாமஸ் ராட்மனின் சிந்தனையைக் கிளறியது. வலுவான குழலை வார்ப்பதற்கு அவர் புதுமுறை கண்டார். அதனினும் சிறந்தது அவர் அமைத்த அழுத்தமானி. குழலின் சுவரில் ஒரு துளையிட்டு, அதில் ஓர் உந்துதண்டைப் பொருத்தினார். தண்டின் மறுமுனையில் கத்திபோன்ற கூர்மை. அதன் எதிரே ஒரு செப்புத் தகடு. மருந்து வெடிக்கும்போது வாயு தண்டைத் தள்ளும். கூர்முனை செம்பில் வெட்டுத் தடத்தைப் பதிக்கும். அதே அளவுத் தடத்தை உண்டாக்க எத்துணைப் பாரம் வேண்டும் என்று தனியே சோதித்தால் அழுத்தம் விளங்கிவிடும். பின்னர் இங்கிலாந்தில் ஆண்ட்ரூ நோபிள், சிறு செப்பு உருளை நசுங்கும் அளவைக் கொண்டு அழுத்தம் காணும் முறையைச் செம்மைப்படுத்தினார். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக உலகம் அம்முறையையே நம்பியிருந்தது.

எரியும் முறையில் ஒளிந்த வேகம்

ராட்மனின் அளவைகள் ஒரு பேருண்மையை வெளிப்படுத்தின. பொடி நுண்ணியதாயின் ஒரே கணத்தில் எரிந்து அழுத்தம் உச்சிக்கு ஏறுகிறது. குண்டு சிறிது நகர்ந்ததும் அழுத்தம் வீழ்ந்துவிடுகிறது. மணி பெரிதாயின் நின்று எரிகிறது. அழுத்தத்தின் உச்சி தாழ்கிறது. தள்ளும் காலமோ நீள்கிறது.

பாரமேற்றிய வண்டியை நகர்த்த விரும்புகிறோம் என்று கொள்வோம். சம்மட்டியால் ஓங்கி அடித்தால் பலகை உடையும். வண்டி ஓரடி நகரும். தோள் கொடுத்துத் தொடர்ந்து தள்ளினால் பலகையும் பிழைக்கும், வண்டியும் ஓடும். குண்டின் வேகமும் அத்தகையதே. குழலை உடைப்பது அழுத்தத்தின் உச்சி. குண்டை விரட்டுவதோ குழலின் நீளம் முழுவதும் தொடர்ந்து தள்ளும் அழுத்தத்தின் மொத்தப் பயன். உச்சியை உயர்த்தாமலே இம்மொத்தத்தைப் பெருக்க முடியுமாயின், ஆபத்தில்லாமல் வேகம் பெறலாம். விரைவின் வரலாற்றுக்கே திறவுகோல் இக்கருத்தாகும்.

ராட்மன் இதற்கு ஒரு வழியும் கண்டார். மருந்தைத் துளைகளுள்ள கட்டிகளாக அழுத்திச் செய்தார். எரிய எரியக் கட்டியின் வெளிப்பரப்பு சுருங்கும். ஆனால் துளைகள் உள்ளிருந்து அகன்று எரியும் பரப்பைப் பெருக்கும். குண்டு முன்னேற முன்னேற வாயுவின் வரத்தும் மிகும்.

ஆயினும் கரும்பொடிக்கு ஒரு குறை உண்டு. அதில் பாதிக்கு மேற்பட்டது வாயுவாகாமல் புகையாகவும் கசடாகவும் எஞ்சிவிடும். 1846இல் வேதியியல் அறிஞர் ஷோன்பைன் அறிவித்த வெடிபஞ்சு அதனினும் பன்மடங்கு வலியது, ஆனால் அடங்காதது. அடுத்த ஆண்டே இங்கிலாந்தின் ஃபேவர்ஷாம் ஊரில் அதனைச் செய்த ஆலை வெடித்து, அங்குப் பணிபுரிந்தோர் பலர் மாண்டனர்.

அவ்வெடிபஞ்சை அடக்கியவர் பிரெஞ்சு அறிஞர் பால் வியேய். 1884இல் அவர் அதனைக் கரைப்பானில் ஊறவைத்துப் பசையாக்கி, மெல்லிய தகடாக்கி, சிறு சிறு துண்டுகளாக நறுக்கினார். பஞ்சின் நுண்துளைகள் மறைந்தன. மருந்து மேற்பரப்பிலிருந்து உள்நோக்கி அடுக்கடுக்காக எரிந்தது. புகையும் பெரும்பாலும் ஒழிந்தது. 1886இல் வந்த லெபெல் துப்பாக்கி இம்மருந்தை ஏற்ற முதல் படைத்துப்பாக்கியாகும். மருந்து எரியும் விரைவு அதனைச் சூழ்ந்த அழுத்தத்தைப் பொறுத்தது என்னும் விதியையும் வியேய் நிறுவினார். அழுத்தம் மிகுந்தால் எரிதல் விரையும். எரிதல் விரைந்தால் அழுத்தம் மேலும் மிகும். ஒன்று மற்றொன்றைத் தூண்டும் இச்சுழற்சியே, சிறிது மருந்தை மிகுத்தாலும் பெருங்கேடு விளைவதற்குக் காரணம்.

பிரிட்டனில் ஏபலும் டூவரும் 1889இல் கார்டைட் என்னும் மருந்தைப் படைத்தனர். கயிறுபோல இழுத்துச் செய்தமையால் அப்பெயர். தொடக்கத்தில் அதில் நைட்ரோகிளிசரின் நூற்றுக்கு 58 பங்கு இருந்தது. அதன் கடுஞ்சூட்டில் குழல்களின் உட்புறம் விரைவில் அரித்துப்போயிற்று. ஆகவே 1901இல் அப்பங்கு 30ஆகக் குறைக்கப்பட்டது. குழலின் ஆயுளுக்காக மருந்தின் கடுமையை விட்டுக்கொடுத்தனர். அதையடுத்த சில ஆண்டுகளிலேயே நீலகிரியில், குன்னூரை அடுத்த அருவங்காட்டில், கார்டைட் ஆலை தோன்றியது. இன்றும் அது வெடிமருந்து ஆலையாகவே இயங்குகிறது. 2021 முதல் மியூனிஷன்ஸ் இந்தியா என்னும் அரசு நிறுவனத்தின் பகுதியாக உள்ளது. கடலூரில் முடிந்த ஒரு வாழ்வின் தொடர்ச்சியை நீலமலைச் சரிவில் காண்கிறோம்.

முப்பத்தைந்து இலட்சம் தோட்டாக்கள்

அளவறியாது விரைவை விரும்பினால் என்ன நேரும் என்பதற்கு அமெரிக்கப் படையே சான்று தந்தது. 1898இல் கியூபாவில் ஸ்பானியரோடு பொருதபோது, எதிரியின் மௌசர் துப்பாக்கி தம் கிராக் துப்பாக்கியினும் விரைந்த குண்டை எறிவதை அமெரிக்கர் கண்டனர். கிராக் துப்பாக்கியின் குண்டு 220 கிரெயின் எடையுள்ளது. நொடிக்கு 2,000 அடி வேகத்தில் சென்றது. கிரெயின் என்பது ஏறத்தாழ 0.065 கிராம், நம் பொற்கொல்லர் அறிந்த குன்றிமணியின் எடையில் பாதியளவு.

1899இல் மருந்தைக் கூட்டி வேகத்தை 2,200 அடியாக உயர்த்தினர். நூற்றுக்குப் பத்தே பங்கு உயர்வு. ஆனால் கிராக் துப்பாக்கியின் தாழை அடைத்து நிறுத்துவது ஒரே ஒரு முனைப்பு. கூடுதல் அழுத்தத்தை அதனால் தாங்க இயலவில்லை. அனுப்பப்பெற்ற முப்பத்தைந்து இலட்சம் தோட்டாக்களைப் படைக்கலச் சாலைகளுக்குத் திரும்பப் பெற்று, ஒவ்வொன்றாகப் பிரித்து, பழைய அளவுக்கே மருந்திட்டு மீண்டும் அடைத்தனர். பகைவன் வலியையும் தன் வலியையும் ஒருங்கே எடைபோடுவதற்கென்றே வள்ளுவர் ‘வலியறிதல்’ என்றோர் அதிகாரம் வகுத்தார். அன்று அப்படையினர் பகைவன் வலியை அறிந்தனர். தம் தாழின் வலியை அறிந்திலர்.

அப்பாடம் வீண்போகவில்லை. இரு முனைப்புகள் தாங்கும் புதிய துப்பாக்கி 1903இல் வந்தது. 1906இல் அதற்கேற்ப ‘.30-06’ என்னும் தோட்டா அமைந்தது. முதலெண் அங்குலக் கணக்கில் குழலின் விட்டத்தையும், பின்னெண் ஆண்டையும் குறிக்கும். 150 கிரெயின் எடையுள்ள கூர்முனைக் குண்டு நொடிக்கு 2,700 அடி வேகம் பெற்றது. வலுவான தாழ், இலேசான குண்டு, ஏற்ற மருந்து ஆகிய மூன்றும் சேர்ந்தே அவ்வேகத்தைத் தந்தன.

மேசைமேல் ஒரு துலாக்கோல்

அதே நாட்டில், படைக்கு வெளியே, மற்றொரு மரபும் வளர்ந்தது. சுட்டபின் எஞ்சும் பித்தளைக் கூட்டை எறியாமல் வைத்திருந்து, வீட்டிலேயே மீண்டும் நிரப்பும் பழக்கம் அது. விரிந்த கூட்டை அச்சில் அழுத்திப் பழைய வடிவுக்குக் கொணர்வர், எரிந்த பற்றுமருந்துக் குமிழைத் தட்டி நீக்கிப் புதியதைப் பொருத்துவர், சிறு துலாக்கோலில் மருந்தை நிறுத்து இடுவர், குண்டைப் பொருத்துவர். வேட்டைக்காரரும் குறிபார்த்துச் சுடும் போட்டியாளரும் இக்கைத்தொழிலில் தேர்ந்தனர். சிக்கனம் ஒரு நோக்கம். தம் துப்பாக்கிக்குப் பொருந்திய அளவைத் தாமே காண்பது மற்றொரு நோக்கம். இன்னும் சற்று வேகம் என்னும் ஆசை மூன்றாவது.

ஆபத்து அம்மூன்றாவதில் இருந்தது. ஆலைக்கு அழுத்தமானி உண்டு. வீட்டு மேசைக்கு இல்லை. தட்டையாகிப்போன குமிழ், திறக்க மறுக்கும் தாழ், மிகையாக விரிந்த கூடு ஆகிய அறிகுறிகளைக் கொண்டே அழுத்தத்தை உய்த்துணர்ந்தனர். அவை தோன்றுமுன்பே எல்லை கடந்துபோயிருப்பதும் உண்டு. ஒரே அளவு மருந்தாயினும், குண்டு ஆழமாகப் பொருந்தினாலும் வெயிலில் தோட்டா சூடேறினாலும் அழுத்தம் உயரும். ஆதலின் அச்சிட்ட கையேட்டின் குறைந்த அளவில் தொடங்கிச் சிறிது சிறிதாக ஏறுவதும், கையேட்டின் எல்லையில் நிற்பதும் இக்கைத்தொழிலின் முதல் ஒழுக்கமாயின.

1926இல் அமெரிக்கத் துப்பாக்கி, தோட்டா உற்பத்தியாளர்கள் ஒரு கழகம் கண்டு, ஒவ்வொரு தோட்டாவுக்கும் அழுத்த எல்லையை வகுக்கத் தொடங்கினர். பின்னாளில், அழுத்தினால் மின்னூட்டம் தரும் படிகங்கள் செப்பு உருளையின் இடத்தைப் பெற்றன. கியூரி உடன்பிறப்புகள் 1880இல் கண்ட பண்பு அது. செம்பு நசுங்கச் சிறிது காலம் வேண்டும். ஆகவே அழுத்தத்தின் கூரிய உச்சியை அது முற்றக் காட்டாது. .30-06 தோட்டாவுக்குச் செப்பு முறையில் 50,000 என்று குறிக்கப்பட்ட எல்லை, படிக முறையில் சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டாக உள்ளது. துப்பாக்கி மாறவில்லை; அளவுகோல் மாறியது. வளிமண்டல அழுத்தத்தைப்போல் அது ஏறத்தாழ நாலாயிரம் மடங்கு.

இனி, இவ்வரலாற்றின் வியத்தகு பகுதியைக் காண்போம். 1906இல் 2,700 அடியாக இருந்த அதே 150 கிரெயின் குண்டின் வேகம், இன்று கடைகளில் விற்கும் சாதாரணத் தோட்டாக்களில் 2,900 அடியளவில் உள்ளது. சிறப்பு மருந்திட்டவற்றில் 3,000 அடியைக் கடந்துவிட்டது. அழுத்த எல்லையை மீறி இவ்வுயர்வைப் பெறவில்லை. மருந்து மணிகளின் மேல் எரிதலைத் தணிக்கும் பூச்சிட்டனர். தொடக்கத்தில் நிதானமாகவும், குண்டு நகர்ந்தபின் விரைந்தும் எரியுமாறு செய்தனர். ராட்மன் துளைகளால் சாதித்ததைப் பின்வந்தோர் பூச்சால் சாதித்தனர். உச்சி உயரவில்லை, தள்ளுதல் நீண்டது.

வீட்டில் தோட்டா நிரப்புவோருக்கும் 1970களில் மின்னணு வேகமானிகள் எட்டும் விலையில் கிடைத்தன. அவற்றிலிருந்து அவர்கள் கற்ற பாடம் எளியது. கையேடு குறித்த மருந்தைக் கொண்டு, கையேடு குறித்த வேகத்தினும் மிகுந்த வேகம் வந்தால் மகிழவேண்டா, அஞ்சுக. ஏனெனில் அவ்வேகத்துக்கு விலையாக, அறியாத அழுத்தம் எங்கோ எழுந்திருக்கக்கூடும். ராபின்ஸின் ஊசல் கேட்ட கேள்வியையே இக்கருவியும் கேட்கிறது.

முடிவாக

துப்பாக்கி உயிர் கொல்லும் கருவி. அதன் வேகத்தைப் பெருக்கிய அறிவு பல இலட்சம் உயிர்களைக் குடித்தது என்பதை எந்த வரலாறும் மறைக்க இயலாது. ஆயினும் அவ்வறிவின் உள்ளே ஓர் ஒழுக்கம் இருந்தது. அது கருவியினும் பெரியது. ஆற்றலைத் தேடியவர்கள் முதலில் அதனை அளக்கக் கற்றனர். அளக்காதவர்கள் ‘பிரின்ஸ்டன்’ கப்பலில் மாண்டனர். பாதி அளந்தவர்கள் முப்பத்தைந்து இலட்சம் தோட்டாக்களைப் பிரித்து அடைத்தனர். முழுதும் அளந்தவர்கள் எல்லைக்குள்ளேயே வேகம் பெற்றனர்.

அறிவியலை நம் மாணவருக்குத் தமிழில் கற்பிக்கும் ஆசிரியர்கள் உந்தம், அழுத்தம் என்னும் சொற்களைக் கரும்பலகையில் எழுதும்போது, ஒரு மரப்பலகை அசைந்த கதையையும் சேர்த்துச் சொல்லலாம். அதை அசையவைத்தவர் கடலூர்க் கோட்டையில் உயிர்நீத்தார் என்பதையும் சொல்லலாம். அப்போது மாணவர் அவ்விரு சொற்களையும் தேர்வு முடிந்தவுடன் மறந்துவிடமாட்டார்கள்.